ஆணி அடிக்காதே!

“அடிக்கிறதுன்னா என்னைத் தாண்டி அடி!”

அடுப்படிச் சுவரை ஒட்டிப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள் சந்திரமதி. கையில் சுத்தியலோடு நின்ற மருமகள் லோஷினிக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது.

ஏறாதா பின்னே? கல்யாணமாகி நாலு மாதம். மலேசியாவின் பத்து பாகாட் ஊரில் ஒரு பழைய வரிசை வீட்டை வாங்கிப்போட்டு, ஆள் வைத்துச் செய்ய வசதியில்லாமல், புருஷனும் பெண்டாட்டியும் வீடியோ பார்த்துப் பார்த்துத் தாங்களே சீர்படுத்துகிறார்கள். புருஷன் ஹேமநாதன் மாட்டிய குழாயில் தண்ணீர் முகத்தைப் பார்த்துத்தான் பீய்ச்சும். லோஷினி சாயம் பூசிய கதவைச் சாத்தினால் திறக்க இரண்டு ஆள் வேண்டும். இருக்கட்டுமே! அவர்கள் வீடு, அவர்கள் கூத்து.

மாதக் கடைசிக்குள் வாடகை அறையைக் காலி செய்தாக வேண்டும். அதற்குள் இந்த அடுப்படிச் சுவரின் பழைய டைல்ஸைப் பெயர்த்தால்தான், மூவார் பட்டறையில் செய்யச் சொன்ன கேபினெட்டை மாட்ட முடியும். அது திங்கட்கிழமை வந்து இறங்கப்போகிறது.

இந்த நேரம் பார்த்து, ஒத்தாசைக்கென்று சிம்பாங் ரெங்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த மாமியார் ஒரே பிடியாக நிற்கிறாள். சாயம் அடி, கழுவு, கூட்டு. ஆணி மட்டும் அடிக்காதே, சுவரை உடைக்காதே.

ஆணி அடிக்கக் கூடாது என்றால் இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீட்டில் பிள்ளைத்தாச்சி இருக்கிறாள், அடித்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. தமிழர், சீனர், மலாய்க்காரர், இந்த விஷயத்தில் மட்டும் எல்லாரும் ஒரே கட்சி.

விளைவு? மாமியாரின் தடை தெருவுக்கே தெரிந்துபோய், இரவுச் சந்தைக்குப் போனால், “எத்தனை மாசம்மா?” என்கிறார்கள். லோஷினி வேலை பார்க்கும் துணி ஃபேக்டரியில் அவளை ஒரு கட்டுத் துணி தூக்க விடுவதில்லை. எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டி, அவள் கையிலிருந்த பப்பாளியைப் பார்த்துவிட்டு, ‘அலமாக்!’ என்று பிடுங்கியே போய்விட்டாள்.

“அத்தை, நான் முழுகாம இல்ல. எத்தனை தடவை சொல்றது?”

“இருக்கியான்னு நான் உன்னைக் கேட்டேனா?”

“அப்புறம் ஏன் அடிக்கக் கூடாது?”

“கூடாதுன்னா கூடாது.”

“காரணம் சொல்லுங்க.”

“சொல்ல முடியாது.”

ஹேமநாதன் மெல்ல எட்டிப் பார்த்தான். “அம்மா, வெறும் டைல்ஸ்தானேம்மா...”

“நீ போய் அந்தக் குழாயைச் சரி பண்ணுடா.”

அவன் நல்ல பிள்ளையாகப் போய்விட்டான். இந்தப் பக்கமும் பேசாமல் அந்தப் பக்கமும் பேசாமல் தப்பித்துக்கொள்ள ஆம்பளைகளுக்குச் சொல்லியா தரவேண்டும்?

“நல்லாக் கேட்டுக்குங்க அத்தை,” லோஷினியின் குரல் ஏறியது. “நான் முழுகாம இருந்தாலும் அடிப்பேன். ஒன்பதாம் மாசத்துலயும் அடிப்பேன்! நாள் முழுக்க மெஷின் முன்னால நின்னு, ஓவர்டைம் பார்த்து வாங்கின வீடு இது. என் வீட்டுச் சுவர்ல நான் என்ன செய்யணும்னு எந்த மூடநம்பிக்கையும் எனக்குச் சொல்ல வேணாம். நகருங்க!”

“மாட்டேன்.”

“நகரலைன்னா நாற்காலியோட தூக்கி வெளிய வெப்பேன்.”

“தூக்கு பார்ப்போம்.”

தூக்கியே விட்டாள்! நாற்காலி ஒரு முழம் நகர்ந்ததும் சந்திரமதி துள்ளி எழுந்து, இரண்டு கையையும் விரித்துச் சுவரோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டாள். லோஷினி சுத்தியலை ஓங்கினாள், மாமியாரின் தலைக்கு மேலே ஒரு டைல்ஸைக் குறிபார்த்து.

“ஆண்ட்டி!”

வாசலில் பக்கத்து வீட்டு சர்புதீன். அவனுக்குப் பின்னால் ரோட்டில் கார் உறுமிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் இடுப்புக்குத் தலையணை முட்டுக் கொடுத்து அவன் மனைவி ஷிரீன் உட்கார்ந்திருந்தாள்.

“டாக்டர் பார்த்துட்டாரு ஆண்ட்டி. ஆபத்து தாண்டிருச்சாம், புள்ள நல்லா இருக்காம். இவளை அவங்க அம்மா வீட்டுக்கு, குளுவாங்குக்குக் கூட்டிட்டுப் போறேன். இனிமே நீங்க தாராளமா உடைக்கலாம்.”

லோஷினியின் ஓங்கிய கை அப்படியே நின்றது.

சர்புதீன் அவள் பக்கம் திரும்பினான். “மன்னிச்சிருங்க லோஷினி. ஏற்கெனவே ரெண்டு தடவை கலைஞ்சு போச்சு. இந்தத் தடவை எழுந்திரிக்கவே கூடாதுன்னுட்டாங்க. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவ கட்டில். ஆணிச் சத்தம் கேட்டாலே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அழுவா. அந்த அழுகையைக் கேட்டுத்தான் ஆண்ட்டி வந்து விசாரிச்சாங்க. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு இவ சத்தியம் வாங்கிட்டா. உங்ககிட்ட நானே வந்து கேக்குறேன்னு சொன்னேன். ‘வேணாம், பழி எம்மேலயே இருக்கட்டும்’னுட்டாங்க.”

கார் போய்விட்டது. ஷிரீன் ஜன்னல் வழியாகக் கையசைத்துக்கொண்டே போனாள்.

லோஷினி சுத்தியலைத் தாழ்த்தினாள். “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அத்தை. இவ்வளவு பேசியிருக்க மாட்டேனே.”

“உங்கிட்ட சொன்னா உன் புருஷனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரிஞ்சா டீக்கடைக்கே தெரியும். பேசினா பேசிட்டுப் போறே, விடு.”

“அந்தப் பொண்ணு பயந்தது சரி. ஆனா ஆணி அடிச்சா புள்ளைக்கு ஆகாதுன்னு நீங்களுமா அத்தை நம்புறீங்க?”

சந்திரமதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மருமகளின் கையிலிருந்த சுத்தியலை வாங்கினாள்.

“நானா? உன் புருஷனை நிறைமாசமா வயித்துல வெச்சுக்கிட்டு, தோட்டத்து லயத்து வீட்டுக் கூரைமேல ஏறித் தகரத்துக்கு ஆணி அடிச்சவடி நான். தள்ளி நில்லு, கண்ணுல தூசி விழும்!”