ரங்கி ஆடுகிறாள்

கீழே சுற்றுலா மைதானத்தில் ரங்கியின் முகம்கொண்ட ரோபோ, பயணிகளுக்காக மலைமக்களின் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தது. போன வருஷம்வரை அங்கே அன்றாடம் ஆடியவள் ரங்கிதான். அக்கா கல்யாணத்தன்றுகூட, அங்கே ஆடி ஆடி வீங்கிய காலை நீட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

இன்று மலைமேல் தம்பி மருதனின் கல்யாணம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தாளம் தப்பத் தப்பச் சிரித்தபடி ஊராரோடு ஆடினாள்.

வழிதவறி வந்த பயணி ஒருவர் சற்று நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "ஒரிஜினல் ஆட்டம் எங்கேம்மா நடக்குது?" என்று அவளிடம் கேட்டார்.

"கீழேங்க சார். வெரசாப் போங்க, நான் அங்கதான் ஆடிட்டிருக்கேன்."

அவர் நன்றி சொல்லி இறங்கினார். மேளம் மறுபடி எழுந்தது. வெட்கப்பட்டு நின்ற மாப்பிள்ளையை ரங்கி கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாடா, இனி நம்மளைப் பாக்க யாரும் வரமாட்டாங்க!"