போனவ எவ?

கிணற்றுத் தவளை கும்பன் பேஸ் கிட்டாரில் ஒரு சோக ராக் பாட்டைப் பழகிக்கொண்டிருந்தான். காதலி விட்டுப் போய்விட்டாள் என்று புலம்புகிற பாட்டு. தடித்த தந்தியை மீட்டும்போதெல்லாம் நெஞ்சை ஏதோ பிசைந்தது. ஒரே வாரத்தில் பிசிறில்லாமல் வாசித்தான். கண்ணீரும் தாரைதாரையாகக் கொட்டியது.

பாசி வழித்துக்கொண்டிருந்த அவன் மனைவி செவந்தி திரும்பினாள்.

"யாருங்க அவ?"

"எவ?"

"நான் இங்கதானே இருக்கேன். அப்போ போனவ எவ?"

"அடியே, அது வெறும் பாட்டுடி! சோகமா வாசிச்சா சுகமா இருக்கு, அவ்வளவுதான்."

"அப்போ அழுது முடிச்சதும் சொல்லியனுப்புங்க" என்று செவந்தி படியேறி, பக்கத்துக் குளத்திலிருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கும்பனுக்கு உள்ளூர ஒரு குஷி. நிஜச் சோகமே கைக்கு வந்தாயிற்று, இனி பாட்டைப் பிய்த்து உதறிவிடலாம் என்று கிட்டாரை எடுத்தான். தாளம் தப்பியது. இரண்டாவது வரி அடியோடு மறந்துபோனது. கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. மறுநாளும் அதே கதிதான்.

மூன்றாம் நாள் கிணற்று விளிம்பில் செவந்தியின் தலை தெரிந்தது.

"என்னங்க, இவ்வளவு கேவலமா வாசிக்கிறீங்க?"

"நீ போனதுலேருந்து பாட்டே வரமாட்டேங்குதுடி" என்றான் கும்பன்.

செவந்தி முகமெல்லாம் சிரிப்பாகத் தண்ணீரில் குதித்தாள்.