வியாழக்கிழமைக்குள் ஒரு பதில்

உள்ளே வந்ததும் லூர்த்தம்மாவின் கண் தம்பி மனைவி அற்புதராணியின் மார்பில்தான் விழுந்தது. பார்க்காதவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோடம்பழப் பையை மேசையில் வைத்தாள்.

"எப்ப வெட்டப் போகினமாம்?"

"இன்னும் முடிவெடுக்கேல்லை, மச்சாள். முதல்ல வெட்டுறதோ, மருந்து ஏத்திப்போட்டு வெட்டுறதோ எண்டு வியாழக்கிழமை டொக்டரோடை கதைக்க வேணும்."

"வெட்டினால் பரவும். என்ரை மகன் லெனாட் பிரான்சிலை இருந்து போன் எடுத்தவன், கொழும்புக்குப் போகட்டாம். மானிப்பாய்ப் பக்கம் நாட்டு மருந்து குடுக்கிற ஒரு பரியாரியும் இருக்கிறாராம்."

அற்புதராணி பழப் பையை ஒரு பக்கம் தள்ளி வைத்தாள். மார்புக் கிளினிக் வாசலில் அவள் பைலோடு நின்றதை யாரோ கண்டு, குருநகர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ஆளுக்கொரு வழி, ஆளுக்கொரு பயம். நேற்றுக்கூட உலையை அடுப்பில் வைத்ததை மறந்து, சோற்றைக் கருகவிட்டிருந்தாள்.

"மச்சாள், வியாழக்கிழமை வரைக்கும்தான் நாங்கள் யோசிக்கிறம். அதுக்குப் பிறகு வாறதைப் பற்றி இப்ப ஒண்டும் வேண்டாம்."

"உனக்கென்ன, யோசிக்காமல் இருப்பாய். அந்தரப்படுறது என்ரை தம்பியல்லோ. கடலுக்கும் போகேல்லை. முகத்தைப் பார்."

தம்பி கனிசியஸ் மூலைக் கதிரையில் இருந்தான். அந்த வெக்கையிலும் சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருந்தான். அவன் யாரையும் பார்க்கவில்லை.

"உன்ரை தாய்வழியிலை இருந்திருக்கும். மறைச்சுக் கட்டித் தந்திட்டினம்."

"எங்கடை அம்மா ஒரு நோய்நொடி இல்லாமல் இருந்தவ."

"அப்ப இது எங்கையிருந்து வந்தது? நாளைக்கு றொசாந்தியை ஆர் கட்டுவான்? தாய்க்கு மார்பிலை புற்றுநோய் எண்டால் பெட்டையை ஆரும் பார்ப்பானோ?"

மகளின் பெயரைக் கேட்டதும் அற்புதராணி நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வந்தவள், கணவனைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"கதைக்க வாயில்லையோ? செய்த பாவம்தான் உடம்பிலை வருது. நீ அழுந்துறது காணாதெண்டு என்ரை தம்பியையும் சேர்த்து அழுத்துறாய்."

கதிரை பின்னால் சாய்ந்து விழுந்தது. கனிசியஸ் எழுந்து வந்து, மனைவிக்கு முன்னால் நின்றான்.

"காணும், அக்கா. இனி அவளை ஒரு சொல்லுச் சொல்லாதை."

"ஏன்ரா? மனிசியைச் சொன்னால் நோகுதோ?"

அற்புதராணி வேண்டாம் என்பதுபோல் அவன் கையைப் பிடித்தாள். அவன் அக்காவை நேராகப் பார்த்தான்.

"ஆம்பிளையளுக்கும் மார்பிலை வரும், அக்கா. வந்திருக்கிறது எனக்கு."