நானே சரிபண்ணிட்டேன்

அணில் எழுதிய கணினி நிரல் ஓடவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. நிரல் எழுதும் பிராணிகளுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம் இருந்தது. அணில் அவசர அவசரமாக அதில் சேர்ந்து தேடியது. அதே பிழையைப் பற்றி மூன்று வருடம் முன்பே ஒரு காகம் கேட்டிருந்தது. கீழே காகமே எழுதியிருந்தது: "நானே சரிபண்ணிட்டேன், நன்றி."

"எப்படின்னு சொல்லித் தொலைச்சா என்னவாம்!" என்று கத்திய அணில், தானும் கேள்வியைப் போட்டது. நிமிடத்துக்கொரு தரம் எட்டிப் பார்த்தது. ஓர் ஆமைதான் வந்தது. "எனக்கும் இதே தொல்லைங்க. வழி கிடைச்சா சொல்லுங்க."

மூன்று நாள் முட்டி மோதியதில் நிரல் ஓடியது. அணில் மன்றத்துக்குப் பாய்ந்து வந்து எழுதியது: "ஓடிடுச்சு! எல்லாருக்கும் நன்றி!"

"எப்படிங்க?" என்று ஆமை தட்டி முடிப்பதற்குள், அணில் அடுத்த நிரலுக்குத் தாவியிருந்தது.