சுபாஷினி கட்டிய பிராது

குடித்துவிட்டு வந்து அடிப்பதும், விடிந்ததும் “போதையில என்ன செஞ்சேன்னே நெனப்பில்லடி” என்பதும் வெற்றிவேலின் வழக்கம். வீங்கிய முகத்தோடு பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்த அவன் மனைவி சுபாஷினி, ஒருநாள் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், சாமிக்குப் பிராதைச் சீட்டில் எழுதிக் கட்டினாள்; வேண்டியது நடந்ததும் அதை வாபஸ் வாங்குவது அங்கே வழக்கம்.

அதில் என்ன எழுதியிருப்பாள் என்பது கேட்காமலே அவனுக்குத் தெரிந்தது. சாமிக்குப் பயந்து குடியை அடியோடு விட்டான்.

“தொண்ணூறு நாளா தொடவே இல்ல. பிராதை வாபஸ் வாங்கிடுடி.”

“காலையிலயே வாங்கிட்டேங்க. கேட்டது கெடச்சிடுச்சு.”

நிம்மதியாகச் சிரித்தவன், அவள் கையிலிருந்த துணிப்பையைப் பார்த்தான். “எங்க கெளம்பிட்ட?”

“பெண்ணாடத்துக்கு, எங்கம்மா வூட்டுக்கு. இனிமே வரமாட்டேன்.”

“குடியத்தான் வுட்டுட்டேனே!”

“அதை யாரு கேட்டா? நான் வுட்டுட்டுப் போறன்னிக்கு இந்தாளு போதையில இருக்கக் கூடாது, காலத்துக்கும் நெனப்பிருக்கணும்னுதான் எழுதினேன்.”