ஈரம் கசிந்த சுரங்கம்

புற்றின் தலைவியான கட்டெறும்பு ஓர் ஏற்பாடு செய்தது. தினமும் மாலையில் எல்லா எறும்புகளும் கூடி, தோண்டும் வேலை எதுவரை வந்தது என்று சொல்ல வேண்டும்.

முதல் நாள் செவ்வி என்ற எறும்பு, "என் சுரங்கத்தில் ஈரம் கசிகிறது" என்றது. கூட்டம் சிரித்தது. அதன்பிறகு செவ்வி உட்பட எல்லா எறும்புகளும் "நன்றாகப் போகிறது" என்றே சொன்னன.

சில நாள் கழித்து தலைவி செவ்வியைத் தனியே அழைத்தது.

"கசிவு நின்றதா?"

"இல்லை அம்மா."

"என்னிடமாவது சொல்லியிருக்கலாமே?"

"உங்களிடம் சொல்லவும் பயம்தான். பக்கத்து அறையில் முட்டைகளைக் காக்கும் கோமதியிடம் சொல்லலாம். சுவர் இடிந்தால் முதலில் நனைவது அவள் அறைதான்."

"அவளிடமே சொல்" என்றது தலைவி. மாலைக் கூட்டத்தையும் அன்றோடு நிறுத்திவிட்டது.

மறுநாள் செவ்வியும் கோமதியும் சுரங்க வாசலில் தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் வந்த தலைவிக்கு நின்று கேட்க ஆசையாக இருந்தது. ஆனாலும் திரும்பி வேறு வழியில் நடந்தது.