தேய்த்த அங்கி

சலவைக்கடையின் நீண்ட மேசைமேல் அவனுடைய பட்டமளிப்பு அங்கி கறுப்பாக விரிந்து கிடக்கிறது. ஜன்னல் வெயிலில் ஆவி வெள்ளையாக எழுந்து கலைகிறது. தேய்க்கிற அக்கா, இறந்துபோன அவன் மனைவியோடு இதே மேசையில் நின்று வேலை பார்த்தவள். இங்கே துணி தேய்த்துத்தான் மனைவி அவனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கவைத்தாள். "முதல் வகுப்பாமே தம்பி? எங்க வீட்டுக்காரர் முதல் வகுப்புல ரயில்கூட ஏறினதில்ல." சிரித்துக்கொண்டே கழுத்துப் பட்டியை நீவுகிறாள். பிறகு குரல் தாழ்கிறது. "இருமலுக்கு டாக்டரைப் பார்க்கணும்னு மத்தியானத்துல போயிடுவா. அவ பங்கையும் நான்தான் தேய்ப்பேன். டாக்டர் என்னதான் சொன்னார்?" அந்த மத்தியானங்களில் அவள் போனது இன்னொரு வீட்டில் பாத்திரம் கழுவ, அவனுடைய பரீட்சைக் கட்டணத்துக்காக. அது தெரிந்தும் அவன் அப்போது புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஓய்வெடுக்கச் சொன்னார்க்கா." "கேட்டாளா பாருங்க, பிடிவாதக்காரி." அக்கா அங்கியை உதறி, குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோல் விரித்துப் பிடிக்கிறாள். "கையை நுழைங்க, விழாவுக்கு நேரமாச்சு." நுழைக்கிறான். துணி தோளில் தீயாய்ப் படிகிறது. "சுடுதா தம்பி?" "இல்லக்கா."